எங்கே போனார் கெடெஸ்?

லண்டன்
23 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய திருமதி கெடெஸ் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அப்படியே அடுப்பில் போடத் தோன்றும். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்கே எழுதலாமென்று இரண்டு முறை உட்கார்ந்தேன். பதினான்கு வருஷம் எம்.பி.யாக இருந்தவரை இருநூற்றுப் பதினான்கு ஓட்டில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓட்டு எண்ணி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் அவரிடமே ஓர் உதவி கேட்க எனக்குக் கை வரவில்லை. அதனால் உங்களிடம் வருகிறேன். தேவாலயத்தில் என் அம்மா உங்கள் பக்கத்தில் நின்று பாடியவள் என்பதைத் தவிர எனக்கு வேறு உரிமை எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். புது உறுப்பினர் அவையில் முதன்முதலாகப் பேசும் கன்னிப்பேச்சுக்கு இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். யாரோடும் சண்டை பிடிக்கக் கூடாது. தொகுதியின் அழகைச் சொல்ல வேண்டும். தனக்கு முன் அந்த இடத்தில் இருந்தவரை மனதாரப் புகழ வேண்டும். நேற்று வரை மேடைக்கு மேடை திட்டித் தீர்த்தவராக இருந்தாலும் சரி. அந்தப் பேச்சுக்கு நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். என் முறை அடுத்த வாரம் வியாழக்கிழமை.

தொகுதியின் அழகைப் பற்றி எழுதிவிட்டேன். ஆர்னவேக் துறைமுகம், உடைந்து கிடக்கும் அலைத்தடுப்புச் சுவர், ஹெர்ரிங் மீன் வந்த காலம், வராத காலம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'கடமை உணர்ச்சி மிக்கவர்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. அவர் படகு இயந்திரம் பழுது பார்த்தவர் என்பதும், அங்கிருந்து எம்.பி. ஆனார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாததாக இரண்டு மூன்று விஷயம் நீங்கள் எழுதி அனுப்பினால் உபகாரமாக இருக்கும்.

இங்கே மேலங்கி மாட்டும் அறையில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அந்தக் கால வழக்கப்படி வாளைத் தொங்கவிட ஒரு நாடா கட்டி வைத்திருக்கிறார்கள். நான் என் குடையை மாட்டியிருக்கிறேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மரியாதையுடன்,
ரோனா டல்லக்


ஆர்னவேக்
26 அக்டோபர் 1974

ரோனா,

அடுப்பில் போடவில்லை. கடிதத்தைப் போட்டு எரிக்கும் அளவுக்கு எனக்கு உன் மேல் மரியாதை கிடையாது.

இரண்டு மூன்று விஷயம் கேட்டாய். எழுதிக்கொள். ஹெக்டர் கெடெஸ் ஓட்ஸ் கஞ்சியில் உப்பு போட்டுத்தான் குடிப்பார், சர்க்கரை போட்டவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். போகிற வீட்டிலெல்லாம் ஆடும் கதவைக் கண்டால் கேட்காமல் முடுக்கிவிட்டு வருவார். உன் அம்மா வீட்டுச் சமையலறைக் கதவும் அதில் ஒன்று. இதையெல்லாம் சொன்னால் உங்கள் அவைப் பெரிய மனிதர்கள் ரசித்துச் சிரிப்பார்கள், இல்லையா?

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஓட்டு எண்ணிய நான்காம் நாள் துறைமுகத்திலிருந்து மேடேறி வரும்போது கீழே விழுந்துவிட்டார். இதயம். டாக்டர் மன்ரோ என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. வருஷக் கணக்கில் பேசவில்லை அவர், வாரக் கணக்கில் பேசினார்.

உன் நோட்டீஸ் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 'அறுபத்தொரு ஓட்டெடுப்பு. அறுபத்தொரு முறை காலி நாற்காலி. எங்கே போனார் கெடெஸ்?' நல்ல பெரிய எழுத்து. கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். அது வந்த மறுவாரம் ரொட்டிக் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள், நான் இருப்பது தெரியாமல், "வேறெங்க போவான், கெழவனுக்கு லண்டன்ல ஒருத்தி இருக்காளாம்" என்றாள். நீ அப்படி அச்சடிக்கவில்லை, தெரியும். நீ கேள்விதான் கேட்டாய். பதிலை ஊர் எழுதிக்கொண்டது.

நூலகத்தில் உட்கார்ந்து நான்கு வருஷத்து அவைக் குறிப்புகளைப் புரட்டி எண்ணினாயாம். மேடையில் பெருமையாகச் சொன்னாய். எங்கள் வீடு நூலகத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஒரு தடவை வந்து கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம்.

அவருக்கு நேராக எழுதாதே. தபால்காரன் வந்தால் நான்தான் கதவைத் திறக்கிறேன், உன் கடிதம் அவர் கைக்குப் போகாது.

நெட்டா கெடெஸ்


லண்டன்
28 அக்டோபர் 1974

திருமதி கெடெஸ்,

அவர் உடல்நிலை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு வரியும் எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக மட்டும் இல்லை. இன்று மதியம் தேநீர் அறையில் ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். எழுபது வயதிருக்கும், மூச்சு இழுத்துக்கொண்டே பேசினார். வில்ஃப்ரெட் ஆஷ் என்று பெயர். எங்கள் கட்சிக்காரர்தான், தெற்கே ஏதோ ஆப்பிள் விளையும் தொகுதி. "என் ஜோடியை வீட்டுக்கு அனுப்பினது நீங்கதானா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கெடெஸும் நானும் பதினொரு வருஷமா ஜோடி. இந்த வயசுல இன்னொரு ஜோடி தேடறது இன்னொரு பொண்டாட்டி தேடற மாதிரிம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது, அதுதான் என் கேவலம். எதிரெதிர்க் கட்சியைச் சேர்ந்த இருவர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்கிறார்கள்: நான் வர முடியாத நாளில் நீயும் ஓட்டுப் போடாதே, நீ வர முடியாத நாளில் நானும் போட மாட்டேன். இரண்டு ஓட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும், முடிவு மாறாது. எல்லாம் வாய்வார்த்தைதான். கொறடாக்களுக்குத் தெரியும், அவைக் குறிப்பில் மட்டும் இருக்காது. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் பெயர்தான் அச்சாகும்.

ஆஷ் சட்டைப் பையிலிருந்து குட்டி நாட்குறிப்புகளை எடுத்து வைத்தார். தேதிக்குத் தேதி 'கெடெஸுடன்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அந்த நோட்டீஸுக்காக நான் எடுத்த தேதிப் பட்டியல் என் பையில் இன்னும் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அறுபத்தொன்றும் இருந்தது, திருமதி கெடெஸ். ஒன்றுகூடக் குறையவில்லை. அவர் ஒரு நாள்கூடத் தொகுதியை ஏமாற்றவில்லை. ஆஷ் பட்டியலை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "என் பேரையும் எண்ணிப் பாத்திருந்தா அதே அறுபத்தொரு நாள் நானும் இல்லைன்னு தெரிஞ்சிருக்குமே" என்றார். நான் எதற்கு என் கட்சிக்காரரை எண்ணப் போகிறேன்.

அவருக்கு ஆஸ்துமாவாம். உங்கள் கணவர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நான் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. அப்படி இருந்தாத்தான் அது ஜோடி" என்று எழுந்து போய்விட்டார்.

ஒன்றே ஒன்று எனக்குப் புரியவில்லை. ஊர் மண்டபக் கூட்டத்தில் அந்தக் கேள்வி வந்தபோது, 'ஜோடி சேர்ந்திருந்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் நோட்டீஸ் குப்பைக்குப் போயிருக்கும். ஏன் சொல்லவில்லை?

வியாழக்கிழமை இதை அவையில் சொல்லப் போகிறேன். நான் சொன்னது பொய், அறியாமல் சொன்ன பொய், ஆனாலும் பொய் என்று சொல்வேன். இது வாக்கு.

ரோனா டல்லக்


ஆர்னவேக்
29 அக்டோபர் 1974

ரோனா,

தபால் காலையிலேயே வந்துவிட்டது. மதியத் தபாலில் இது போக வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே. என்னால்தான்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஜனவரியிலிருந்து மே வரை நான் டண்டீயில் அக்கா வீட்டில் இருந்தேன், அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னோம். உன் அம்மா அக்காவுக்கென்று கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தனுப்பினாள். அக்காவின் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. நான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தேன். எந்த ஊர் என்று எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை. பதினொரு வாரம் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவேன், எழுந்திரு என்றால் எழுந்திருப்பேன். ஹெக்டர் லண்டனிலிருந்து ராத்திரி ரயில் பிடித்து வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பார். நான் சாப்பிடாவிட்டால் அவரே சாப்பிட்டுவிட்டு அடுத்ததை உரிப்பார். திட்டமாட்டார், கெஞ்சமாட்டார். மறுநாள் திரும்ப ரயில். அதற்குப் பிறகும் இரண்டு தடவை எனக்கு அப்படி வந்தது. உன் அறுபத்தொன்றை எடுத்துப் பார், கொத்துக் கொத்தாக இருக்கும்.

ஜோடி சேர்ந்தேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி 'எதற்காக' என்பதுதானே? கட்சிக்காரர்கள் எல்லாரும் சொல்லச் சொல்லி நச்சரித்தார்கள். அவர் பிடி கொடுக்கவில்லை. மண்டபத்தில் ஒரு பையன் எழுந்து "எங்க இருந்தீங்க?" என்று கேட்டபோது நான் முன் வரிசையில் இருந்தேன். நான் எழுந்து சொல்லிவிடலாமென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். "உக்காரு நெட்டா" என்று வாயை மட்டும் அசைத்தார், சத்தமே வரவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அதுக்குப் பதில் சொல்றதா இல்லை" என்றார். பின்னாலிருந்து சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம், உன் மேல் ஒன்று, என் மேல் ஒன்று. உன் மேல் இருப்பது இன்று காலையிலிருந்து கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வியாழக்கிழமை சொல். என் பெயரைச் சொல்ல வேண்டுமானாலும் சொல், ஆஸ்பத்திரி என்றும் சொல், எனக்கு இனி ஊர் என்ன நினைத்தால் என்ன. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னால் அவருக்கு அது செய்தியே இல்லை, அவர் போகவில்லை என்பதும் ஏன் போகவில்லை என்பதும் அவருக்கே தெரியும். அந்த அவையில், அவர் பதினான்கு வருஷம் உட்கார்ந்த இடத்தில், இன்னொரு வாய் அதைச் சொல்ல வேண்டும். அவர் அதைக் காதால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். தினமும் கேட்கிறார், "அந்தப் பொண்ணு பேசியாச்சா?" என்று. கன்னிப்பேச்சில் தன்னைப் பற்றி என்ன வரும் என்று பார்க்க ஆசை, ஆனால் ஆசை இருப்பதைக் காட்டிக்கொள்ள மாட்டார்.

சீக்கிரம். டாக்டர் இப்போது நாள் கணக்கில் பேச ஆரம்பித்திருக்கிறார்.

நெட்டா


லண்டன்
31 அக்டோபர் 1974

அன்புள்ள திருமதி கெடெஸ்,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டுதான் அவைக்குப் போனேன்.

பேசவில்லை. பேசுவோர் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்துவிட்டேன்.

நேற்று என் தேர்தல் ஏஜென்ட் ஃபார்கருக்கு டெலிபோன் செய்து, நான் பேசப் போவதைப் படித்துக் காட்டினேன். முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போட இருபத்தொரு நாள் அவகாசம் இருக்கிறதாம். அது செவ்வாய், ஐந்தாம் தேதியோடு முடிகிறது. எதிர் வேட்பாளரின் நடத்தையைப் பற்றிப் பொய் அச்சடித்தது நிரூபணமானால் தேர்தலே செல்லாது, நான் மறுபடி நிற்கவும் முடியாது. "கெடெஸ் வாயைத் தொறக்கலை, அதனால அவங்க கையில இப்ப ஒண்ணும் இல்லை. நீயே எந்திரிச்சு 'தப்பு என்னுது'ன்னு சொன்னா மறுநாள் பேப்பர்ல வரும். அதைத் தூக்கிட்டு நேரா வக்கீல்கிட்ட போவாங்க" என்றார்.

ஜோடி விஷயம் உங்களுக்கு முன்பே தெரியுமா என்று அவரைக் கேட்டேன். "தெரியும். நீ கேக்கலையே" என்றார்.

அவரைத் திட்டிவிட்டு வைத்தேன். திட்டியவள் காலையில் எழுந்து அவர் சொன்னபடியே செய்தேன். சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்று நினைப்பீர்கள், கட்டத்தான் செய்கிறேன். அலைத்தடுப்புச் சுவருக்கு இந்தக் கூட்டத் தொடரில் பணம் வாங்காவிட்டால் குளிர்காலத்தில் படகுகள் உடையும். எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் பதினோராயிரம் பேர். ஆறே நாள், திருமதி கெடெஸ். புதன்கிழமை பேச மறுபடி பெயர் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை குறைக்காமல் பேசுவேன். ஆறு நாள் மட்டும் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது என் முகத்தில் நானே விழிக்க முடியவில்லை.

ரோனா


ஆர்னவேக்
2 நவம்பர் 1974

ரோனா,

பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறாய். மூச்சை எண்ணி ஆறு நாளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க நான் யார்?

வியாழக்கிழமை பேசியிருப்பாய் என்று நினைத்து நேற்றுக் காலையிலேயே கடைக்குப் போய் மூன்று செய்தித்தாள் வாங்கி வந்தேன். நடுப் பக்கம், கடைசிப் பக்கம், விளம்பரத்துக்கு நடுவில்கூடத் தேடினேன். பிறகுதான் உன் கடிதம் வந்தது.

வழக்குக்கு நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. நானும் பயந்தவள்தான், பயத்தினால்தான் மண்டபத்தில் உட்கார்ந்தேன். அதனால் உன்னைக் கோழை என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வழி சொல்கிறேன். அவையும் வேண்டாம், செய்தித்தாளும் வேண்டாம். ரயிலேறி வா. எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உன் வாயால் அவரிடம் சொல். மூன்று பேருக்குத்தான் தெரியும். எந்த வக்கீலும் கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருக்கப் போவதில்லை. பிறகு புதன்கிழமை ஊருக்குச் சொல், சொல்லாமலே போ, அது உன் பாடு.

உன்னைப் பற்றி அவர் ஒரு தடவைகூடத் தப்பாகப் பேசியதில்லை. நேற்று மாலை, "அந்தப் பொண்ணு உழைச்சிருக்கா நெட்டா. நாலு வருஷக் குறிப்பையும் உக்காந்து படிச்சிருக்கான்னா பாரு. எங்காளுங்க ஒருத்தனும் படிச்சதில்லை" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. உனக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றியதால் எழுதுகிறேன்.

வா.

நெட்டா


லண்டன்
4 நவம்பர் 1974

அன்புள்ள திருமதி கெடெஸ்,

கடிதத்தைப் படித்த கையோடு கொறடாவின் அறைக்குப் போனேன். இன்று மாலை ரயிலைப் பிடித்தால் நாளை மதியம் உங்கள் வாசலில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நாளைக்கு மூன்று கோடு போட்ட உத்தரவு இருக்கிறது. தாளில் ஓட்டெடுப்புக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தால் செத்தாலொழிய வந்தாக வேண்டும்.

எனக்கு ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டேன். கொறடா சிரித்தார். வந்து இரண்டு வாரம் ஆகாதவளுக்கு யார் ஜோடி சேருவார்கள் என்றார். எதற்கு என்று கேட்டார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். என்ன உறவு என்று கேட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்து வரிசையில் ஏழு பேரிடம் நானே போய்க் கேட்டேன். எல்லாரும் மரியாதையாகத்தான் மறுத்தார்கள். ஆஷிடமும் போனேன், அவர் எங்கள் கட்சி, அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "கெடெஸ் இருந்தா ஒரு தலையாட்டல்ல முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

உத்தரவை மீறிவிட்டு ரயிலேறலாம். ஏறியிருக்கலாம். அறைக்குத் திரும்பி, பெட்டியைத் தயாராக வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், ரயில் நேரம் போய்விட்டது. எனக்கு என்மேலேயே நம்பிக்கை குறைந்துகொண்டு வருகிறது.

புதன் மாலை பேசி முடித்த உடனே கிளம்புகிறேன். வியாழக்கிழமை உங்கள் கதவைத் தட்டுவேன். அவரிடம் நான் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ரோனா


லண்டன்
7 நவம்பர் 1974

திருமதி கெடெஸ்,

என்ன எழுதுவேன்.

நேற்று நாலு இருபதுக்கு எழுந்து பேசினேன். அலைத்தடுப்புச் சுவரைப் பற்றி ஐந்து நிமிஷம். பிறகு அவரைப் பற்றி. அறுபத்தொரு ஓட்டெடுப்பில் அவர் வரவில்லை என்று நான் அச்சடித்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றிலும் அவர் முறையாக ஜோடி சேர்ந்திருந்தார், அதைக் கேட்டறிய நான் முயலவில்லை, அந்தப் பொய்யால்தான் இந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொன்னேன். உங்கள் உடல்நிலையைப் பற்றிச் சொல்லவில்லை. 'தன் வீட்டில் தன் துணை தேவைப்பட்ட ஒருவருக்காக' என்று மட்டும் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை, அதுதான் முறை. இரண்டு பக்கமும் "சரி, சரி" என்று முனகினார்கள். அடுத்துப் பேசியவர் என் பேச்சை அழகான பேச்சு என்றார். அவர்கள் எல்லாருடைய கன்னிப்பேச்சையும் அழகான பேச்சு என்பார்கள்.

வெளியே வந்தபோது காவலர் ஒருவர் தந்தியைக் கொடுத்தார். ஃபார்கர் அனுப்பியது. காலை பத்து மணிக்கு என்று இருந்தது.

நான் எழுந்து நின்றபோது அவர் போய் ஆறு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. உயிரோடு இல்லாதவரைப் பற்றி, இருப்பவரைப் பற்றிப் பேசுவது போல, 'அவர் இதைப் படிக்கும்போது' என்று வேறு சொன்னேன். அது அவைக் குறிப்பில் அச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

பதவியை விட்டுவிடலாமென்று இருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இன்றே எழுதிக் கொடுத்துவிடுவேன். அடக்கத்துக்கு வர எனக்கு அனுமதி உண்டா? இல்லை என்றால் வர மாட்டேன்.

ரோனா


ஆர்னவேக்
13 நவம்பர் 1974

ரோனா,

அடக்கத்துக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத எனக்கு நேரமில்லை, பதிலில்லாமலே வந்தாய். தேவாலயத்தில் கடைசிப் பெஞ்சில் நின்றதைப் பார்த்தேன். சவப்பெட்டியை இறக்கும் எட்டுக் கயிற்றில் ஒன்று தொகுதி எம்.பி.க்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், உனக்குத் தெரியாமல் இருக்காது. கயிறு பிடிக்கிறவர்களுக்கு அனுப்பும் சீட்டை உனக்கு அனுப்பவில்லை. அந்தக் கயிற்றைத் திரு. ஆஷிடம் கொடுத்தேன். அவ்வளவு தூரம் மூச்சு இழுத்துக்கொண்டு வந்தாரே அந்த மனிதர். கல்லறையடியில் நின்று கயிற்றை விட்ட பிறகும் கையைத் தொங்கவிடாமல் அப்படியே வைத்திருந்தார்.

பதவியை விடாதே. விட்டால் ஒரு வாரம் எல்லாரும் உன்னைப் பெரிய மனசுக்காரி என்பார்கள், அந்தச் சுகத்தை உனக்கு நான் தர மாட்டேன். அவர் கஷ்டப்பட்டு உட்கார்ந்த இடம் அது. உட்கார். சுவரைக் கட்டு. யாராவது கேட்டால் கேள்வி கேட்காமல் ஜோடி சேர்.

உன் பேச்சை நம் ஊர்ப் பத்திரிகை போட்டது. சுவரைப் பற்றிய பகுதியை முழுக்கப் போட்டுவிட்டு, அவரைப் பற்றியதை 'முன்னாள் உறுப்பினருக்கும் அஞ்சலி செலுத்தினார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆகவே ரொட்டிக் கடைக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது சனிக்கிழமை காலையில் அந்த வரிசையில் நின்று சத்தமாகச் சொல். அதற்கு அவையின் அனுமதி வேண்டாம்.

நீ அனுப்பிய பக்கத்தை நேற்றுப் படித்தேன். நன்றாகவே பேசியிருக்கிறாய். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

உன்னிடம் சொல்லாமல் விடலாமென்றுதான் இருந்தேன். ஆனால் வேறு யாரிடம் சொல்வது? செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு மூச்சு ரொம்பத் திணறியது. கொஞ்சம் அடங்கியதும், "பேசியாச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. "படி" என்றார். அவருக்குக் கண் மங்கிப்போயிருந்தது. நான் அன்றைய செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அதில் கம்பளி விலையும் கால்பந்தும் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே உன் பேச்சை நானே சொன்னேன். நான் மேடையில் பேசியவள் இல்லை. உன் முதல் கடிதத்தில் இருந்ததையும் இரண்டாவதில் இருந்ததையும் கலந்து, அறுபத்தொன்றும் பொய், அவர் ஒரு நாளும் ஏமாற்றவில்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீ சொன்னதாகச் சொன்னேன். அவை எழுந்து நின்றது என்றுகூடச் சேர்த்துவிட்டேன். அங்கே யாரும் எழுந்து நிற்க மாட்டார்களாமே, எனக்கு அது தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "இன்னிக்கு என்ன தேதி?" என்றார். ஐந்து என்றேன்.

"வழக்குப் போட இன்னிக்கு வரைக்கும் நாள் இருக்கே நெட்டா" என்றார். "எந்தப் பொண்ணும் அதுக்கு முன்னால இப்படிப் பேச மாட்டா."

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கண்ணைத் திறக்காமல் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை படி" என்றார்.

படித்தேன். முதல் தடவை என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை, அதனால் இரண்டாம் தடவை வார்த்தையெல்லாம் மாறிப்போயிற்று. அவர் என் கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நெட்டா கெடெஸ்